கிரே வரையவில்லை

கேள்வி, ஜனவரி 11
ஹென்றி கிரே என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 31 வயதில் 'கிரேஸ் அனாட்டமி' என்று இன்று சொல்லப்படும் பெரிய உடற்கூற்றியல் நூலை எழுதி, அதற்கு 363 படங்களையும் தானே வரைந்து, 34 வயதில் இறந்துபோனார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மருத்துவமனை வேலை, வகுப்பு என்று இத்தனைக்கும் நடுவில் ஒரே ஆளால் இது முடியுமா? நான் முதலாண்டு மாணவன். மணிக்கட்டு எலும்புகள் எட்டையும் வரைய எனக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது.

ஜனவரி 11, இரவு
முடியாது, தம்பி. அவர் செய்யவும் இல்லை. படங்கள் ஹென்றி வேண்டைக் கார்ட்டர் கையால் வந்தவை. கிரேயைவிட நான்கு வயது இளையவர். லண்டனில் கிரே இருந்த அதே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைப் பள்ளியில் மாணவர்களுக்கு அறுத்துக் காட்டிப் பாடம் சொன்னவர். தந்தை ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஓவியர். கிரே எழுதினார், கார்ட்டர் வரைந்தார், உடல்களை இருவரும் சேர்ந்து அறுத்தார்கள். 1856, 57இல் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வேலை. 1858இல் நூல் வந்தது. 750 பக்கம், விலை 28 ஷில்லிங். ஆயிரம் பிரதி விற்றால் கிரேக்கு 150 பவுண்டு. அடுத்த ஆயிரத்துக்கு இன்னொரு 150. கார்ட்டருக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஒரு 150. அதோடு அவர் கணக்கு தீர்ந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

முப்பத்தோராண்டு இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த நூல் நின்றது படத்தால். எழுத்தை யார் படித்தார்கள்?

ஜனவரி 12
காலையில் படித்துப் பார்த்தேன். சூடு கொஞ்சம் அதிகம். "எழுத்தை யார் படித்தார்கள்" என்றது என் மாணவர்களை நினைத்துச் சொன்னது. அவர்கள் அந்தத் தடியனைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். தேர்வுக்குக் கைக்கடக்கமான வேறொன்றைப் படித்தார்கள். நானும் அப்படித்தான் தேறினேன்.

கிரேயைப் பற்றியும் சொல்லவேண்டும் அல்லவா. பிறந்தது 1827. தந்தை நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு அரசர்களிடம் கடிதம் கொண்டுபோகும் தூதர் வேலை பார்த்தவர். அரண்மனை வாசல் தெரிந்த குடும்பம். ஆனால் உள்ளே உட்கார நாற்காலி இல்லாத குடும்பம். மகனின் ஓட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1845 மே 6 அன்று செயின்ட் ஜார்ஜில் மாணவராகப் பெயர் பதிந்தார். 1848இல் கண்ணின் நரம்புகள் பற்றிய கட்டுரைக்கு அறுவை மருத்துவர் கல்லூரியின் பரிசு. மனிதக் கண்ணோடு மற்ற முதுகெலும்பு உயிர்களின் கண்களையும் அறுத்து ஒப்பிட்டிருந்தார். 25 வயதில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர். மறு ஆண்டு மண்ணீரல் பற்றிய ஆய்வுக்கு, அன்றைய ஆங்கிலப் பணத்தில் 300 கினி பரிசு. மற்றவர்கள் நூலில் படித்து மனப்பாடம் செய்ததை இவர் ஒவ்வொன்றாக, மெதுவாக, தானே அறுத்துப் பார்த்துக் கற்றவர் என்று உடன்படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இருக்கும் மாணவனை நான் முப்பத்தோராண்டில் நான்கைந்து பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 12, மாலை
மண்ணீரலுக்கு 300 கினியா என்று ஒருவர் சிரித்திருக்கிறார். இன்றைக்கும் தேர்வில் மண்ணீரலைக் கேட்டால் மாணவர்கள் "இல்லாமலும் வாழலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த விடைக்கு நான் இரண்டு மதிப்பெண் கொடுத்ததுண்டு.

ஜனவரி 14
படம் எப்படி நூலுக்குள் ஏறியது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளும்.

அன்று மரக்கட்டையில் செதுக்கி, அச்செழுத்தோடு சேர்த்து அடுக்கி, ஒரே அழுத்தில் அச்சிடுவார்கள். பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரம். கார்ட்டர் தாளில் வரைந்து கொடுத்து வேறொருவர் பெயர்த்தெழுதியதில்லை. கட்டையின் மேலேயே நேராக வரைந்தார், அதுவும் இடம் வலம் மாற்றி. அச்சில் திரும்பும் அல்லவா? இடது கையை வலது கையாக வரைந்தால்தான் தாளில் இடது கை வரும். என் வகுப்பில் இடது எலும்பா வலது எலும்பா என்று கேட்டாலே பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். இவர் கழுத்தின் நரம்புகளையும் தமனிகளையும் சிரைகளையும் மனத்துக்குள் புரட்டிப் போட்டு, மயிரிழை மயிரிழையாகக் கட்டையில் இறக்கியிருக்கிறார். பிறகு செதுக்குபவர்கள் கோட்டைத் தவிர மற்ற இடத்தை வெட்டி எடுப்பார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் பெயர்கள். அதற்கு முந்திய நூல்களில் படத்தின் மேல் சிறிய எண்களோ எழுத்துகளோ இருக்கும். அடியில் பட்டியல்: 1 இன்ன தசை, 2 இன்ன தமனி. கண் மேலும் கீழும் ஓடவேண்டும். கார்ட்டர் பெயரைக் கொண்டுபோய் உறுப்பின் மேலேயே எழுதினார். தமனி வளைந்தால் பெயரும் வளையும். தசை நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் எழுத்தும் ஓடும். நிலப்படத்தில் ஆற்றின் பெயரை ஆற்றோடு சேர்த்து எழுதுகிறார்கள், அதுபோல.

நான் மாணவனாக இருந்தபோது சென்னை மூர் மார்க்கெட்டில் கிழிந்த பழைய பதிப்பு ஒன்றை வாங்கினேன். அந்தச் சந்தை 1985இல் எரிந்தது. நூல் என்னிடம் இருக்கிறது. தொடையின் உட்பக்கத் தமனியை ஒரு இரவில் அதில்தான் கற்றேன். எண்ணைத் தேடவேண்டியிருக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஜனவரி 15
மறந்துவிட்டேன். கட்டைகள் அளவு மீறிப்போயின. பதிப்பாளர் திட்டமிட்ட பக்கத்துக்குக் கார்ட்டரின் படங்கள் பெரியவை. இத்தனை கட்டையையும் மறுபடி வரையச் சொல்ல முடியுமா? படத்துக்கு இடம் கொடுக்கப் பக்கத்தைத்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது. போட்டி நூல்களில் படம் தபால்தலை போல ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்க, இதில் பக்கத்தை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கண் கெட்ட மாணவனும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கலாம். அளவு தப்பியதால் கிடைத்த லாபம்.

ஜனவரி 19
"கிரேயும் பிணம் திருடியவரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நீங்கள் நினைப்பது எடின்பரோவில் 1828இல் நடந்தது. பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூற்றியல் ஆசிரியருக்கு விற்றார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க்கைத் தூக்கிலிட்டார்கள், அவனையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள், எலும்புக்கூடு இன்னும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. நாக்ஸ் மீது வழக்கே இல்லை.

அதற்குப் பிறகு 1832இல் சட்டம் வந்தது. யாரும் கேட்டு வராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். யார் உடலை யாரும் கேட்டு வரமாட்டார்கள்? ஏழை விடுதியில் செத்தவன் உடலை. அடக்கம் செய்யக் காசில்லாத உறவினர் இருந்தாலும் "கேட்டு வராத" கணக்கில்தான் சேரும். செத்த பிறகு அறுக்கப்படுவது அதற்கு முன்பு கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை. ஒரே சட்டத்தில் அது வறுமைக்குக் கைமாறியது. கல்லறைத் திருட்டு நின்றது என்பது உண்மை. ஏழைகள் அந்தச் சட்டத்தை எப்படி வெறுத்தார்கள் என்பதும் உண்மை.

கிரேயும் கார்ட்டரும் கின்னர்ட்டன் தெருவில் இருந்த கூடத்தில் அறுத்தவை அப்படி வந்த உடல்கள்தாம். 363 படத்தில் ஒன்றுக்கும் ஆள் பெயர் இல்லை. குளிர்காலத்தில் மட்டுமே அறுக்க முடியும். உடலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் அன்று இன்னும் வரவில்லை. அறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் அந்த ஆளே போய்விடலாம். வியன்னாவில் 1847இல் ஒரு பேராசிரியர் அப்படித்தான் இறந்தார். நாங்கள் விரலில் பட்டால் டிஞ்சர் தடவிக்கொண்டு டீ குடிக்கப் போவோம்.

எங்கள் மேசைக்கு 1974இல் வந்தவரும் கேட்டு வராதவர்தான். வலது முன்கையில் பச்சை குத்தியிருந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அல்லது சொல்லாமலும் விடலாம்.

ஜனவரி 20
முதல் நாள் எழுதியதில் ஒரு தவறு. நானே கண்டுபிடித்தேன், அதற்குள் யாரும் குதிக்கவேண்டாம்.

"நன்றி என்று ஒரு வார்த்தை கூடக் கிடையாது" என்றேன். அது இந்த நூலுக்குப் பொருந்தாது. 1854இல் வந்த மண்ணீரல் நூலுக்குத்தான் பொருந்தும். அதற்கும் கார்ட்டர் படம் வரைந்து கொடுத்தார்; அச்சில் அவர் பெயரையே காணவில்லை. இரண்டையும் குழப்பிவிட்டேன். 1858 நூலின் முன்னுரையில் கிரே அவரை நண்பர் என்று சொல்லி நன்றி தெரிவிக்கிறார். முகப்பிலும் பெயர் இருக்கிறது. அறுவை இருவரும் சேர்ந்து செய்தது என்றும் இருக்கிறது.

ஆனால் முகப்பின் பிழைதிருத்தத் தாள் ஒன்று பிழைத்திருக்கிறது. அதில் இரண்டு பெயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருந்தன. கார்ட்டர் அதற்குள் பம்பாயில் பேராசிரியர் வேலைக்குப் போய்விட்டதால் அந்தப் பதவியும் பெயருக்குக் கீழே இருந்தது. கிரே பேனாவை எடுத்துப் பதவியை அடித்தார். பெயரைச் சின்ன எழுத்தில் போடக் குறித்தார். அச்சுக்கடைக்காரர் அப்படியே செய்தார்.

அடித்துப் போட்ட கோட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பெயரையே எடுத்துவிட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. உட்கார்ந்து, யோசித்து, எத்தனை அளவு குறைக்கலாம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார் மனிதர்.

ஜனவரி 20, இரவு
"நீங்கள் இவ்வளவு கோபப்படுவதற்கு ஏதோ சொந்தக் கதை இருக்கிறது" என்கிறார் கடலூர் வாசகர் ஒருவர். இருக்கிறது. ஒரு கையேட்டுக்கு நான் வரைந்த பதினேழு படங்கள் வேறு பெயரில் வந்தன. ஊர், கல்லூரி, ஆள் எதுவும் சொல்லமாட்டேன். என் படங்கள் கார்ட்டர் படங்கள் இல்லை. எவரும் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை.

ஜனவரி 26
மரணம். 1861 ஜூன். கிரேயின் சகோதரர் மகன் சார்லஸ் என்ற சிறுவனுக்குப் பெரியம்மை. கிரே உடனிருந்து பார்த்துக்கொண்டார். பையன் பிழைத்தான். கிரேக்குத் தொற்றியது. முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் முழுக்க ஒரே புண்ணாகும் கொடிய வகை. ஜூன் 13 அன்று, வில்ட்டன் தெரு 8ஆம் எண் வீட்டில் உயிர் போனது. குழந்தைப் பருவத்தில் அம்மைப்பால் குத்திக்கொண்டவர்தான். ஆண்டுகள் போகப் போக அதன் காவல் குறையும் என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

செயின்ட் ஜார்ஜில் துணை அறுவை மருத்துவர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. பதினாறு ஆண்டு அந்த மருத்துவமனையைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு அது வெகுநாள் கனவு. அதற்கான நேர்காணல் குறித்திருந்த நாளும் அதே ஜூன் 13.

ஹைகேட் கல்லறையில் புதைத்தார்கள். தொற்று பயத்தால் அவருடைய உடைமைகளோடு காகிதங்களையும் எரித்துவிட்டார்கள் என்பார்கள். அதனால்தான் கார்ட்டரின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது, கிரேயின் பக்க நியாயம் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்: ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 27
இதையும் கேளுங்கள். அம்மைப்பால் குத்துவதைக் கொண்டுவந்த எட்வர்டு ஜென்னர் இளைஞராக இருந்தபோது பாடம் கேட்டது எங்கே? அதே செயின்ட் ஜார்ஜில், ஜான் ஹன்ட்டரிடம். ஜென்னர் 1796இல் முதல் ஊசிக்கு அம்மைப்பால் எடுத்த கதையில் வரும் பசுவின் பெயர் பிளாசம். அதன் தோல் இன்றும் செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பள்ளி நூலகச் சுவரில் தொங்குகிறது. பள்ளி இப்போது டூட்டிங் பகுதியில் இருக்கிறது. ஹைட் பார்க் முனையில் கிரே நடமாடிய பழைய மருத்துவமனைக் கட்டடம் ஓட்டலாகிவிட்டது. அறை வாடகையைப் பார்த்தேன். வேண்டாம், நான் படம் பார்த்துக்கொள்கிறேன்.

என் அக்கா முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. எங்கள் வீட்டில் அதை நோய் என்றே சொல்லக்கூடாது. அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லவேண்டும். வாசலில் வேப்பிலை, உள்ளே தாளிக்கும் வாசனை கூடாது. 1975இல் இந்தியாவில் கடைசி நோயாளி. நான் அப்போது இரண்டாமாண்டு. பெரியம்மையைப் படித்துத் தேறிய கடைசிக் கூட்டத்தில் ஒருவன்.

ஜனவரி 28
அக்காவை இங்கே இழுத்தது தேவையில்லை. அழிக்கப் போனேன், பொத்தான் வேலை செய்யவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 2
கார்ட்டர் பிறகு என்ன ஆனார் என்று மாணவத் தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

1858 தொடக்கத்தில், நூல் அச்சாகி வருவதற்கு முன்பே, கப்பலேறி பம்பாய் வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் நடத்தினார். பிறகு சதாராவில் சிவில் சர்ஜன். முப்பது ஆண்டு இந்தியாவில் இருந்தார். பஞ்ச காலத்துக் காய்ச்சலில் ரத்தத்துக்குள் சுருள் சுருளாக நெளியும் கிருமியை நுண்ணோக்கியில் காட்டினார். தொழுநோய்க்காக நார்வே வரை போய்ப் பார்த்துவந்தார். அதே கல்லூரிக்கு முதல்வரானார். 1888இல் ஓய்வு, 1897இல் ஸ்கார்பரோவில் காசநோயால் மரணம். லண்டனில் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டார்கள் என்று நாம் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க, அவர் இங்கே தனக்கென்று ஒரு பெரிய வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த வேலையில் நம் ஊர்ப் பெயரும் வருகிறது. மதுரையில் 1842இல் கில் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான கால் நோயைக் குறித்துவைத்தார். சில ஆண்டுகளில் "மதுரைக்கால்" என்ற பெயரே நிலைத்தது. பாதம் வீங்கும், கட்டி கட்டியாகும், துளை துளையாக உடையும், அதிலிருந்து கடுகு போலவோ கசகசா போலவோ மணிகள் வரும். வெறுங்காலோடு வயலில் நடப்பவனுக்கு, முள் குத்திய இடத்தில் தொடங்கும். இது ஒரு பூஞ்சையின் வேலை என்று ஆராய்ந்து "மைசிட்டோமா" என்று பெயரிட்டவர் கார்ட்டர். 1874இல் தனி நூலே எழுதினார், தானே வரைந்த படங்களோடு. முகப்பில் ஒரே பெயர்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது மதுரைக்கால்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆட்டுக்காரர் ஆறு வருடமாகத் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்திருந்தார். யானைக்கால் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். துணியை அவிழ்த்தால் கறுப்பு மணிகள். "கருவேல முள்ளா?" என்று எங்கள் பேராசிரியர் கேட்டதும் அவர் சிரித்தார். "முள் எத்தனையோ குத்தியது ஐயா, எதைச் சொல்ல?"

பிப்ரவரி 3
ஒரு திருத்தம். "பூஞ்சையின் வேலை" என்று நேற்று முழுதாக எழுதியது சரியில்லை. மதுரைக்காலில் ஒரு பாதி பூஞ்சையால் வருவது, இன்னொரு பாதி பாக்டீரியாவால். கார்ட்டர் கண்டது பூஞ்சையை. வகையைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுத்தால் கால் போய்விடும். ஆகவே இது சின்னத் திருத்தம் இல்லை.

கிரேயைப் பற்றியும் மனம் கொஞ்சம் இளகியிருக்கிறது. அந்த நூல் ஏன் அந்தச் சமயத்தில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கிரே மாணவராகச் சேர்ந்தது 1845. லண்டனில் ஈத்தர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து ராபர்ட் லிஸ்ட்டன் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் காலை வெட்டி எடுத்தது 1846 டிசம்பரில். அதற்கு முன்பு அறுவை என்றால் வேகம். நோயாளி அலறிக்கொண்டிருக்க நிமிடத்தில் முடிக்கவேண்டும். மயக்கம் வந்ததும் கத்திக்கு அவகாசம் கிடைத்தது, உள்ளே போக முடிந்தது. உள்ளே போகிறவனுக்கு எந்தத் தமனி எங்கே குறுக்கே வரும் என்று தெரியவேண்டும். கிரே ஒவ்வொரு பகுதியையும் விவரித்துவிட்டு, இங்கே கத்தி வைப்பவன் எதைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு பத்தி எழுதினார். நூலின் தலைப்பிலேயே அறுவை என்ற சொல் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் தேர்வுக்காக மட்டும் படிக்கவில்லை. லிஸ்டர் என்ற இன்னொரு அறுவை மருத்துவர் கிருமிநாசினி முறையைச் சொன்னது 1867இல்; அது வரும்போது கிரே இல்லை.

ஓர் இதழ் 1859இல் இது முந்திய நூலைப் பார்த்து எழுதியது என்று சாடியது. அந்தக் குற்றச்சாட்டைத் தாண்டியும் இரண்டாம் பதிப்பு 1860இல் வந்தது. ஆகவே "எழுத்தை யார் படித்தார்கள்" என்றதை அரைகுறையாகத் திரும்பப் பெறுகிறேன். பெயரைச் சிறிதாக்கியதைத் திரும்பப் பெறமாட்டேன். அது அவர் செய்தது.

பிப்ரவரி 9
யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் என் தலையில் குட்டியிருக்கிறார். "இத்தனை எழுதுகிறீர்கள், கிரே நூலைத் தமிழில் படித்தவர்கள் எங்கள் ஊரில் 150 வருடத்துக்கு முன்பே இருந்தது தெரியாதா?" தெரியும், சொல்ல மறந்தேன். மறந்தது குற்றம்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர், மிஷன் மருத்துவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். படித்தவர்கள் அரசு வேலைக்கு ஊரைவிட்டுப் போனார்கள். ஊரிலேயே வைத்தியம் பார்க்கட்டும் என்று பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல் வேண்டுமே? மாணவர்களோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அறுவை மருத்துவத்துக்கு "இரணவைத்தியம்". வேதியியலுக்கு "கெமிஸ்தம்". கிரேயின் நூல் 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" ஆனது.

பாட்டுடைத் தலைவனைப் பாதத்திலிருந்து கூந்தல் வரை பாடினால் பாதாதிகேசம் என்போம். கிறீனோடு இருந்த தமிழர்கள் அந்தக் காதோடு பிறந்தவர்கள். அங்காதிபாதம் என்று வைத்ததும் உடம்பு ஒரு வரிசையில் வந்து நிற்கிறது. நாங்கள் உடற்கூற்றியல் என்கிறோம். கூறு போடுகிற வேலை தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

கிறீன் தன் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கச் சொன்னார். 1884இல் சொந்த ஊரில் இறந்தார். நான் முப்பத்தோராண்டு ஆங்கிலத்தில் பாடம் நடத்தினேன், தமிழில் திட்டினேன்.

பிப்ரவரி 10
"தமிழில் எப்படித் திட்டினீர்கள்?" என்ற கேள்விக்கு இந்த இடத்தில் விடை கிடையாது. பழைய மாணவர்கள் சிலர் இங்கே படிக்கிறார்கள்.

மற்றொரு கேள்வி: இன்று கிரே நூலை வாங்கலாமா? புதிய பதிப்பு என்றால் அது வேறு நூல். 40ஆம் பதிப்பு 2008இல் வந்தது, அதற்குப் பிறகும் வந்திருக்கிறது. எத்தனையோ பேர் கூடி எழுதுகிறார்கள். கிரே திரும்பி வந்தால் அட்டையைத் தவிர எதுவும் அவருக்கு அடையாளம் தெரியாது. தேர்வுக்குத் தேவையில்லை. பழைய படங்களுக்காக என்றால் மறு அச்சுகள் மலிவாகக் கிடைக்கின்றன. என் பிரதியைக் கேட்காதீர்கள். கழுத்துப் பக்கத்தில் 1976ஆம் வருடத்து விடுதிச் சாம்பார் இருக்கிறது.

பிப்ரவரி 16
பச்சை குத்தியவரைப் பற்றிச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அறுபது வயது இருக்கும். உழைத்த கை. முன்கையின் உட்பக்கம், மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, ஐந்து எழுத்தில் ஒரு பெண் பெயர். அந்த ஐந்து எழுத்தை இங்கே எழுதப்போவதில்லை. மனைவியோ, மகளோ, அம்மாவோ. நடுவில் ஒரு எழுத்து குத்தும்போதே சிதைந்திருந்தது. கேட்டு வராதவர் என்று பதிவேட்டில் இருந்தார். எங்கள் மேசையில் அவருக்கு எண் மட்டும் இருந்தது.

முன்கைத் தோலை உரிக்கும் முறை என்னுடையதாக வந்தது. கையேட்டின்படி முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை நடுவில் நேராக ஒரு கீறல். நடுக்கோடு மூன்றாம் எழுத்தின் வழியாகப் போகிறது. நான் கத்தியை ஒரு விரற்கடை வெளிப்பக்கம் தள்ளி வைத்தேன். தோல் ஒரே மடிப்பாக, பெயரோடு, உட்பக்கம் திரும்பியது. ஆசிரியர் வந்து பார்த்தார். நடுக்கோடு தெரியாதவன் எதற்கு மருத்துவம் படிக்க வந்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தெரியும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் தசைகளைப் பார்த்து முடித்ததும், காய்ந்துவிடாமல் இருக்க அந்தத் தோலை மறுபடி மேலே மூடி ஈரத்துணி சுற்றுவது என் பொறுப்பு. மார்ச் வரை செய்தேன்.

பிப்ரவரி 17
நான்கு விரற்கடை இல்லை, மூன்று.